சமையலறையிலிருந்து கழற்றிய பழைய கப்போர்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையலறையைப் புதுப்பிக்கும்போது கழற்றும் கப்போர்டுகள் பெரும்பாலும் மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்கின்றன. ஒரு ஐப்பசி மழை போதும், பலகை ஊதி, மைக்கா பிரிந்து, பழைய சாமான் கடைக்காரரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். எந்தப் பெட்டி எந்த அறைக்குப் போகும் என்பதைக் கழற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அதற்கு உதவும் கேள்விகளும் பதில்களும் இவை.

எங்கள் கப்போர்டு என்ன பலகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே ஒட்டிய மைக்காவைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. வெட்டுவாய் தெரியும் இடத்தைப் பார்க்க வேண்டும். கதவில் கீல் பதிந்திருக்கும் வட்டக் குழி, சிங்க் குழாய்க்காகப் போட்ட ஓட்டை, பின்பக்க விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் எங்காவது உள்பக்கம் தெரியும்.

மெல்லிய அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் ப்ளைவுட். மேலும் கீழும் மெல்லிய மரத் தாள், நடுவில் விரல் அகல மரக்கட்டைகள் என்றால் பிளாக்போர்டு. மரச்சில்லுகளை அள்ளி அழுத்தியதுபோல் பொரபொரவென்று இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவை அழுத்தியதுபோல் ஒரே சீராக, அடுக்கோ சில்லோ இல்லாமல் இருந்தால் எம்டிஎஃப். உள்ளும் புறமும் வெள்ளையாக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல், நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தால் பிவிசி.

ப்ளைவுட் என்றால் உள்பக்கம் எங்காவது முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். ஐ.எஸ். 710 என்று இருந்தால் மரைன் வகை, ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கான ப்ளைவுட். பலகை எது என்ற இந்த ஒரு விஷயத்தில்தான் மற்ற எல்லா முடிவும் அடங்கியிருக்கிறது. ப்ளைவுட்டை அறுக்கலாம், திரும்பத் திருகலாம், சுவரில் தொங்கவிடலாம். பார்ட்டிகிள் போர்டையும் எம்டிஎஃப்பையும் முடிந்தவரை பெட்டியைக் கலைக்காமல், ஈரம் இல்லாத அறையில், தரையில் நிற்கும்படி மட்டும் பயன்படுத்துங்கள்.

எங்கள் வீட்டில் கடப்பா கல் தட்டுகளுக்கு முன்னால் சட்டமும் ஷட்டரும் மட்டும்தான். பெட்டியே இல்லை. என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. மாடுலர் பெட்டிகளைப் பற்றிச் சொல்லும் யோசனைகள் இங்கே பொருந்தாது. உங்களிடம் இருப்பவை கதவுகள், கீல்கள், கைப்பிடிகள், ஒருவேளை தேக்குச் சட்டம். வேறு அறையில் கதவில்லாமல் திறந்து கிடக்கும் சிமென்ட் அலமாரி, பரண், படிக்கட்டுக்கு அடியில் உள்ள இடம் ஆகியவற்றுக்கு இவற்றையே ஷட்டராகப் போடலாம்.

முதலில் திறப்பை மூன்று இடங்களில் அளந்து பாருங்கள்: மேல், நடு, கீழ். கட்டட வேலையில் திறப்பு மூலைமட்டமாக அமைவது அபூர்வம், 10 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். சட்டத்தை அந்த மூன்றில் மிகச் சிறிய அளவுக்குச் செய்து, இடைவெளியைச் சிராய்க் கட்டை வைத்து நிரப்பி, அதன்மேல் பட்டி பாருங்கள். ஷட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலு பக்கமும் 2 முதல் 3 மி.மீ. விடுங்கள். ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு பிடித்துக்கொள்ளும்.

சட்டம் தேக்கு என்றால் அதைப் பத்திரமாக எடுங்கள். பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் பலர் அதன் அருமை தெரியாமல் கடப்பாரை போட்டுப் பிளந்துவிடுகிறார்கள்.

எந்த வரிசையில் கழற்ற வேண்டும்?

சிலிண்டரை எடுத்து வெளியே வையுங்கள். சிங்க் குழாயை மூடுங்கள். பெட்டிக்குள் பிளக் பாயின்ட், சிம்னி வயர் இருந்தால் மெயினை அணையுங்கள். பிறகு கதவுகள், இழுப்பறைகள், உள்தட்டுகள் என்று இந்த வரிசையில் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். அந்தந்தக் கதவின் திருகுகளைச் சிறு பையில் போட்டு அந்தக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். கீல்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், கதவு பெட்டியின் விளிம்பை முழுதாக மறைக்கிறதா, பாதி மறைக்கிறதா, பெட்டிக்குள் அடங்குகிறதா என்பதைப் பொறுத்து வளைவு மாறும். கலந்துவிட்டால் கதவு மூடாது.

மேல் பெட்டிகளைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். அடியில் ஸ்டூலோ பலகையோ முட்டுக்கொடுத்துவிட்டு, பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் திருகுகளை முதலில் எடுங்கள், சுவர்த் திருகுகளைக் கடைசியாக. கீழ்ப் பெட்டியின்மேல் கிரானைட் உட்கார்ந்திருந்தால் அவசரப்படாதீர்கள். 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. 8 அடி நீளம், 2 அடி அகலம் என்றால் 80 கிலோ. சிங்க் ஓட்டையின் இரு பக்கமும் குறுகலாக இருக்கும், தூக்கும்போது அங்கேதான் ஒடியும். பெட்டியை உருவுவதற்கு முன் கல்லைத் தனியாகத் தாங்கி நிறுத்தியாக வேண்டும்.

வருடக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் போகும்?

1 லிட்டர் வெந்நீரில் 1 மேசைக்கரண்டி சலவைச் சோடா, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள், தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிசின்போல இறுகிய இடங்களில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் பழைய பிசுக்கு இளகும், பிறகு சோடா நீரால் துடைத்தால் வந்துவிடும். சோடா பட்டால் அலுமினியம் கருக்கும், அதனால் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டே துடையுங்கள். கடைசியில் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைப்பது கட்டாயம். சோடா மிச்சம் இருந்தாலும் சரி, எண்ணெய் மிச்சம் இருந்தாலும் சரி, பெயின்ட் பிடிக்காது.

கரப்பான், கரையான் எல்லாம் கூடவே வந்துவிடாதா?

வரும். கரப்பான் முட்டைக்கூடு பழுப்பு நிறத்தில், அவரை விதை அளவோ அதைவிடச் சிறியதாகவோ இருக்கும். கீல் குழிக்குள்ளும், இழுப்பறைச் சேனலின் பின்முனையிலும், பின்பலகை பொருந்தும் காடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கீலையும் சேனலையும் கழற்றாமல் சுத்தம் செய்து பயனில்லை. பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்து நசுக்கிவிடுங்கள்.

கரையானுக்கு வேறு சோதனை. பலகையைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று வெற்று ஒலி வந்தால் உள்ளே அரித்திருக்கிறது. மண் தடம் தெரிகிற பலகையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டையும் அதன் கீழே மெல்லிய பொடியும் இருந்தால் அது உளுப்பூச்சி. பூச்சி எதிர்ப்பு மருந்தை ஓட்டை ஓட்டையாக ஊசியால் செலுத்தி, சில வாரம் தனியே வைத்து, புதுப் பொடி கொட்டவில்லை என்று உறுதியான பிறகே படுக்கையறைக்கு எடுத்துப்போங்கள்.

எந்தப் பெட்டி எதற்குப் பொருந்தும்?

ஆழத்தைப் பாருங்கள். சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் பெட்டி பொதுவாக 560 மி.மீ. ஆழம், கால் இல்லாமல் 720 மி.மீ. உயரம். சுவரில் தொங்கும் பெட்டி 300 முதல் 350 மி.மீ. ஆழம். இந்த அளவுகளை மனத்தில் வைத்தால் பாதி யோசனை தானாக வரும்.

படிப்பு மேசை: கீழ்ப் பெட்டிக்கு மிகப் பொருத்தமான மறுவாழ்வு இதுதான். எழுதும் மேசையின் உயரம் 730 முதல் 750 மி.மீ. இருக்க வேண்டும். 100 மி.மீ. காலோடு பெட்டி 820 வந்துவிடும், தோள் வலிக்கும். காலைக் கழற்றிவிட்டு 720, அதன்மேல் 19 மி.மீ. பலகை, அடியில் சின்ன ரப்பர் புஷ் என்றால் அளவு சரியாக வந்துவிடும். 450 மி.மீ. அகலப் பெட்டி இரண்டு, நடுவே முழங்காலுக்கு 600 மி.மீ. இடைவெளி, மேலே 5 அடிக்கு 2 அடி பிளாக்போர்டு. நடு இடைவெளியில் பலகையின் பின்விளிம்புக்கு அடியில் 50 × 25 மி.மீ. கட்டை ஒன்றைத் திருகுங்கள். இல்லாவிட்டால் மானிட்டர் வைத்த இடம் நாளடைவில் தொய்யும். பெட்டியின் மேல்பக்கத்தில் முழுப் பலகை இருக்காது, இரண்டு பட்டைகள்தான் இருக்கும். அவற்றின் அடியிலிருந்து 30 மி.மீ. திருகைப் போட்டு மேசைப் பலகையைப் பிடியுங்கள். அதற்குமேல் நீளம் போனால் முனை மேலே எட்டிப்பார்க்கும்.

செருப்பு அலமாரி: தொங்கும் பெட்டி போதும். ஆனால் 300 மி.மீ. ஆழப் பெட்டியில் பின்பலகை போக உள்ளே 280 சொச்சம்தான் கிடைக்கும். செருப்பு நுழையும். ஆண்களின் ஷூவோ நீளம் கூடியது, கதவில் இடிக்கும். தட்டின் பின்பக்கத்தை 60 மி.மீ. உயர்த்திச் சாய்வாக வைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும், பெரிய ஷூக்களைக் குறுக்கே வைக்க வேண்டியதுதான். பின்பலகையை எடுத்துவிட்டுக் கொசுவலைக் கம்பி அடியுங்கள். மூடிய பெட்டியில் ஈரச் செருப்பு வைத்தால் வாடையும் பூஞ்சையும் நிச்சயம்.

புத்தக அலமாரி: அடி நீளத்துக்குப் புத்தகம் 9 முதல் 11 கிலோ வரும். 900 மி.மீ. அகலப் பெட்டி என்றால் ஒரு தட்டின்மேல் 30 கிலோ. 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டுத் தட்டு 600 மி.மீ. வரைதான் இதைத் தொய்யாமல் தாங்கும். அதற்குமேல் அகலம் என்றால் தட்டின் முன்விளிம்புக்கு அடியில் 40 மி.மீ. உயரப் பட்டை ஒட்டித் திருகுங்கள், அல்லது நடுவில் ஒரு நிறுத்துப் பலகை கொடுங்கள்.

ஜன்னலோர இருக்கை: தொங்கும் பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்தால் 300 முதல் 350 உயரம், அடியில் 100 மி.மீ. பீடம் கொடுத்தால் உட்காரும் உயரம் வந்துவிடும். கதவே மூடியாகிறது. ப்ளைவுட் பெட்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஆள் உட்கார்ந்து எழும் அசைவில் பார்ட்டிகிள் போர்டின் மூலைத் திருகுகள் சில மாதத்தில் தளர்ந்துவிடும். முன்பு பின்பலகையாக இருந்த மெல்லிய பலகை இப்போது அடிப்பலகை ஆகிவிடுவதால், அதன் கீழே குறுக்காக இரண்டு கட்டைகள் வேண்டும். இரண்டு கதவு சேரும் இடத்திலும் அடியில் ஒரு கட்டை கொடுங்கள். குழிக் கீலை எடுத்துவிட்டு நீளமான பியானோ கீல் போடுங்கள், மூடி விரலில் விழாமல் இருக்கத் தாங்கு கம்பியும் சேர்த்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கம்பி இல்லாமல் இந்த இருக்கை வேண்டாம்.

வேறு அறைக்குப் போகும் கீழ்ப் பெட்டிகளின் பிளாஸ்டிக் காலை, மேசைக்கு அல்லாமல் அலமாரியாகப் பயன்படுத்தும்போது, அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீர் விட்டுத் துடைக்கும் தரையில் பலகை நேராக உட்கார்ந்தால் அடி ஊதிவிடும்.

பழைய பெட்டியை வேறு சுவரில் தொங்கவிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆளுக்கு அடிபடக்கூடிய வேலை இது, ஆகவே கணக்கை நிதானமாகப் பார்ப்போம். கடையில் கொடுக்கும் 50 மி.மீ. திருகை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 18 மி.மீ. பெட்டியின் கட்டைக்குள் போய்விடும். 12 மி.மீ. சுவர்ப் பூச்சுக்குள். செங்கல்லுக்குள் இருப்பது 20 மி.மீ. மட்டுமே. தொங்கும் அன்று நிற்கும், சாமான் நிரப்பிய பிறகு ஒருநாள் வந்துவிடும். 5 × 75 மி.மீ. திருகும் 8 மி.மீ. நைலான் பிளக்கும் பயன்படுத்துங்கள். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுதாக இறங்க வேண்டும். இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள கலவைச் சந்தில் டிரில் இறங்கினால் தூள் மணலாகக் கொட்டும், அப்போது 40 மி.மீ. தள்ளி வேறு ஓட்டை போடுங்கள்.

அடுக்குமாடிகளில் உள்ள சாம்பல் வெள்ளை நிற இலேசான ஏஏசி கல் என்றால் ஹேமர் இயக்கத்தை அணைத்துவிட்டுச் சாதாரணச் சுற்றில் ஓட்டை போடுங்கள். அந்தக் கல்லுக்கென்று அகல மரையோடு தனி பிளக் கிடைக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளக் அதில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பின்பலகை வழியாக மட்டும் திருகாதீர்கள். 3 அல்லது 6 மி.மீ. பலகை எடையைத் தாங்காது. பெட்டியின் உள்ளே மேல்மூலையில், பக்கப் பலகைகளோடு இணைந்த ஒரு குறுக்குக் கட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் 75 × 18 மி.மீ. ப்ளைவுட் பட்டை ஒன்றைப் பக்கப் பலகைகளோடு திருகி, அதன் வழியாகச் சுவருக்குத் திருகுங்கள். பெட்டிக்குக் கீழேயும் சுவரில் ஒரு பட்டை அடித்து அதன்மேல் உட்காரவைத்தால் எடையின் பெரும்பகுதி அந்தப் பட்டைக்குப் போய்விடும். பொருத்தும்போதும் ஒரு கை மிச்சமாகும்.

பிளக் பாயின்ட், சுவிட்சு பெட்டி ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும் டிரில் போடாதீர்கள், வயர் குழாய் அந்த வழியாகத்தான் போயிருக்கும். தரையில் நிற்கும் உயரமான பெட்டிக்கும் மேலே ஒரு எல் ஆங்கிள் அடித்துச் சுவரோடு கட்டுங்கள். இழுப்பறையைத் திறந்து குழந்தை ஏறினால் பெட்டி அப்படியே முன்னால் சாயும்.

கீல் திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன வழி?

தீக்குச்சியில் பசை தடவிச் சொருகும் வழி ப்ளைவுட்டிலும் மரத்திலும் நிற்கும். பார்ட்டிகிள் போர்டில் நிற்காது, ஏனென்றால் ஓட்டையைச் சுற்றி இருந்த சில்லுகளே உதிர்ந்திருக்கும். அங்கே பழைய ஓட்டையை 8 மி.மீ. டிரில்லால் பெரிதாக்குங்கள். 18 மி.மீ. பலகையில் 12 மி.மீ. ஆழத்துக்குமேல் போகாமல் டிரில்லில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். 8 மி.மீ. உருண்டை மரக்குச்சியில் (டவல்) ஃபெவிகால் தடவி அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, மேல்மட்டத்துக்கு அறுத்துவிடுங்கள். பிறகு 2.5 மி.மீ. வழி ஓட்டை போட்டு 3.5 × 16 மி.மீ. திருகைக் கையால் முடுக்குங்கள். மெஷினால் முடுக்கியதால்தான் பெரும்பாலும் முதல் ஓட்டையே கெட்டிருக்கும்.

கதவை மேசைப் பலகையாகப் பயன்படுத்தலாமா?

சிறிய டீப்பாய்க்குச் சரி. கீல் குழியின் விட்டம் 35 மி.மீ., ஆழம் ஏறத்தாழ 12 மி.மீ. 18 மி.மீ. கதவில் அந்த இடத்தில் மிஞ்சுவது 6 மி.மீ.தான். குழியைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்தாலும், அதன்மேல் கனமான கால் ஒன்று உட்கார்ந்தால் உடையும். குழி உள்ள விளிம்பை 45 மி.மீ. அறுத்துத் தள்ளிவிடுவது நல்லது.

அறுக்கும்போது மைக்கா பல் பல்லாக உடைகிறதே?

ரம்பப் பல் பலகையைவிட்டு வெளியேறும் பக்கத்தில்தான் மைக்கா பெயரும். கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம் என்றால் பல் மேல்நோக்கி வெளியேறும், ஆகவே நல்ல பக்கத்தைக் கீழே வையுங்கள். கைரம்பம் என்றால் நல்ல பக்கம் மேலே. வெட்டுக்கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து மைக்கா வெட்டும் கத்தியால் நாலைந்து முறை ஆழமாகக் கீறிவிட்டுப் பிறகு அறுங்கள். 4 அங்குல வட்ட ரம்ப மெஷினுக்கு 40 பல் பிளேடு வேண்டும். ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டவே மாட்டாதீர்கள், மரத்தில் சிக்கினால் மெஷின் கையைவிட்டு உங்கள் பக்கமே திரும்பும். எம்டிஎஃப் தூளைச் சுவாசிக்கக் கூடாது, வெளியில் வைத்து, என்95 முகக்கவசத்தோடு அறுங்கள். வெட்டிய விளிம்பை அன்றே அடையுங்கள்: ப்ளைவுட்டுக்கு மைக்கா பட்டை, மற்றவற்றுக்கு பிவிசி எட்ஜ் பேண்ட்.

சன்மைக்காவின்மேல் பெயின்ட் நிற்குமா?

தயாரிப்பு சரியாக இருந்தால் நிற்கும். பிசுக்கு நீக்கி, 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் வரை தேய்த்து, தூசி துடைத்து, வழுவழுப்பான பரப்புகளுக்கென்று விற்கும் பிரைமர் ஒரு கோட், மேலே மெல்லிய பெயின்ட் இரண்டு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுதாக விடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் ஒரு வாரத்துக்குள் சாமான் வைத்தால் ஒட்டிக்கொண்டு உரியும்.

பிவிசி தாள் போர்த்திய எம்டிஎஃப் கதவில் மூலை பிரிந்திருந்தால் மேலே பெயின்ட் அடிப்பது வீண். ஹேர் டிரையரால் சூடு காட்டித் தாளை முழுதாக உரித்துவிட்டு, பிரைமர் போடுங்கள். விளிம்புகள் பெயின்ட்டைக் குடிக்கும், அங்கே மட்டும் பிரைமர் இரண்டு முறை.

பழைய எனாமல் பெயின்ட் அடித்த மரக் கப்போர்டு என்றால் வேறு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்குமேல் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், வழித்தெடுத்த சேற்றைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

சிங்க் பெட்டியின் அடிப்பலகை ஊதிவிட்டது. காயவைத்தால் சரியாகுமா?

ஆகாது. ஊதிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, பலமும் போயிருக்கும். அடிப்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு 12 மி.மீ. ப்ளைவுட் போடுங்கள். பக்கப் பலகைகளும் கீழ்விளிம்பில் ஊதியிருந்தால், ஊதலுக்கு 50 மி.மீ. மேலே அறுத்துக் குட்டைப் பெட்டியாக்கலாம். மீன் தொட்டி மட்டும் அதன்மேல் வைக்காதீர்கள்.

பால்கனி, குளியலறை, மொட்டை மாடி?

மரைன் ப்ளைவுட், தேக்கு, பிவிசி தவிர வேறெதுவும் வேண்டாம். பிவிசியும் நேர் வெயிலில் வளையும், திருகும் அதில் அழுத்தமாகப் பிடிக்காது. அதனால் சட்டம் கொடுத்து நிழலான இடத்தில் வையுங்கள். கடலோர ஊர்களில் சாதாரணக் கீல் உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறும், 304 வகை ஸ்டெயின்லெஸ் கீலுக்கு மாற்றிவிடுங்கள்.

பூஜை அலமாரி ஆக்கலாமா?

படங்கள் வைக்கவும் எண்ணெய், திரி, கற்பூரம் வைக்கவும் நன்றாகப் பொருந்தும். விளக்கை மட்டும் பெட்டிக்குள் ஏற்றாதீர்கள். சுடர் மேல்பலகையை எட்டாவிட்டாலும் சூடு எட்டும், பசை விட்டு மைக்கா எழும்பும், பிவிசி உருகும். பெட்டிக்கு முன்னால் ஒரு கிரானைட் துண்டைத் தட்டாக நீட்டி அதில் விளக்கை வையுங்கள்.

எதற்கும் ஆகாத துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கலாமா?

எரிக்கக் கூடாது. பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப், ப்ளைவுட் எல்லாவற்றிலும் ஒட்டும் பிசின் இருக்கிறது, மேலே மைக்காவும் பெயின்ட்டும். அந்தப் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும், பிவிசி எரிந்தால் அமிலப் புகையே வரும். பெயின்ட்டோ பாலிஷோ படாத வெறும் மரத்துண்டை மட்டும் அடுப்புக்கு ஒதுக்குங்கள். மற்றதைத் தள்ளுவதற்கு முன் கீல், சேனல், கைப்பிடி, கால், ஸ்டீல் கூடை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள 20 அங்குல டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு ஜோடி, அடுத்து அதே ஆழத்துக்குச் செய்யப்போகும் இழுப்பறைக்கு அப்படியே பொருந்தும்.